8 நாளா காய்ச்சல், டைஃபாய்டு ஊசிக்கும் இறங்கல. கடலூர், பண்ருட்டி பக்கம் யாருக்காவது இப்படி வந்திருக்கா?

காடாம்புலியூர்க்காரி | டிச. 27, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். படிச்சிட்டு மட்டும் போறவ நான், இன்னைக்குத்தான் எழுதறேன். எங்கம்மாவுக்கு 54 வயசு. சர்க்கரை, பிரஷர் கிடையாது. இன்னையோட எட்டு நாளா காய்ச்சல். பாராசிட்டமால் போட்டா வேர்த்து ஊத்தி இறங்குது, நாலு மணி நேரத்துல மறுபடி 103. தலைவலின்னா சாதாரண தலைவலி இல்ல, தலையணையில இருந்து தலையத் தூக்க முடியல.

மூணாம் நாள் ஊர்ல ஒரு ஊசி. நாலாம் நாள் டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டெங்கு இல்லன்னுட்டாங்க, மலேரியா இல்லன்னுட்டாங்க. விடால் டெஸ்ட் 1:160, அதனால டைஃபாய்டுன்னு சொல்லி செஃப்ட்ரையாக்சோன் ஊசி ரெண்டு வேளையும் போடறாங்க. இன்னையோட நாலு நாள் ஆச்சி. காய்ச்சல் அசையல. பிளேட்லெட் 1,40,000 இருந்தது இன்னைக்கி 92,000. லிவர் டெஸ்ட்டும் கூடியிருக்காம். "டைஃபாய்டு மெதுவாதாம்மா இறங்கும்"னு சொல்றாங்க. காத்திருக்கறதா, பாண்டிக்குக் கூட்டிட்டுப் போறதா?

திருப்பாதிரிப்புலியூரான் | இரவு 9.05

நீங்க காடாம்புலியூர், நான் பாதிரிப்புலியூர். ஒரு புலியூருக்கு இன்னொரு புலியூர் உதவாட்டி எப்படி.

18 வருஷமா லேப்ல இருக்கேன். விடாலை மட்டும் வெச்சி எதையும் முடிவு பண்ணாதீங்க. 1896ல வந்த டெஸ்ட் அது. எப்பவோ வந்துபோன டைஃபாய்டு, போட்டுக்கிட்ட தடுப்பூசி, வேற ஏதோ காய்ச்சல், எல்லாத்துக்கும் லேசா பாசிட்டிவ் காட்டும். நம்ம ஊர்ல நல்லா இருக்கற பத்து பேரைக் கூட்டியாந்து குத்தினாலும் ஒருத்தர் ரெண்டு பேருக்கு ஏதாவது வரும். முதல் ஊசி போடறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர், அதான் ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட், எடுத்தாங்களா?

காடாம்புலியூர்க்காரி | இரவு 9.09

இல்லண்ணா. எடுத்த மாதிரி தெரியல.

நிலவேம்பு_நம்பி | இரவு 9.20

பிளேட்லெட் குறைஞ்சா அது டெங்குதான், டெஸ்ட் என்ன வேணா சொல்லட்டும். நிலவேம்புக் குடிநீர் ரெண்டு வேளை, பப்பாளி இலைச் சாறு ஒரு வேளை. மூணு நாள்ல ஏறும். ஊசி மேல ஊசி குத்தி லிவரைக் கெடுத்துட்டாங்க.

வார்டு_சிஸ்டர் | இரவு 9.34

நம்பி தம்பி, கொஞ்சம் பொறுங்க.

நான் பாண்டியில 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. அம்மாடி, எனக்கு நாலு விஷயம் சொல்லு. அம்மா என்ன வேலை செய்யறாங்க? மூத்திரம் நல்லா போகுதா? மூச்சு எப்படி இருக்கு? இந்தக் காய்ச்சலுக்கு ஒரு மாசம் முன்னாடி வரைக்கும் எங்கெங்க போய் வந்தாங்க? டெஸ்ட் ரிப்போர்ட் அப்புறம் பாக்கலாம்.

காடாம்புலியூர்க்காரி | இரவு 9.41

முந்திரிதான் சிஸ்டர், எங்க ஊர்ல வேற என்ன வேலை. வீட்டுல கொட்டை உடைப்பாங்க. இப்ப சீசன் இல்லாததால கொல்லையில களை வெட்ட, சருகு கூட்ட கூலிக்குப் போவாங்க. வரும்போது சுள்ளி பொறுக்கிக் கட்டிட்டு வருவாங்க. மூத்திரம் கம்மியாத்தான் போகுது. மூச்சு நேத்துல இருந்து கொஞ்சம் வேகமா இருக்கு, காய்ச்சலாலன்னு நெனச்சோம்.

வார்டு_சிஸ்டர் | இரவு 9.48

இப்பவே ஒரு வேலை செய். கதவைச் சாத்து, நல்லா லைட்டைப் போடு. ஈரத்துணியால ஒத்தடம் குடுக்கற மாதிரி உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாரு. காதுக்குப் பின்னாடி, அக்குள், மார்புக்கு அடியில, தொப்புள், பாவாடை நாடா கட்டற இடம், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னாடி, பிட்டம். சிகரெட்டால சுட்ட மாதிரி, நடுவுல கறுப்பாப் பொருக்கு, சுத்தி செவப்பா ஒரு வளையம். வலிக்காது, அரிக்காது. அதனாலதான் அவங்களுக்கே தெரியாது. ஈரம் நிக்கற இடமா இருந்தா கறுப்பா இருக்காது, வெளுத்த சின்னப் புண்ணா இருக்கும்.

காடாம்புலியூர்க்காரி | இரவு 9.53

சிஸ்டர், முந்திரி உடைக்கறவங்க உடம்புல கறுப்பு இல்லாத இடம் எது. கை பூரா கொட்டைப்பால் பட்டு வெந்து தோல் உரிஞ்சிதான் கிடக்கும். விளக்கெண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்தாலும் படத்தான் செய்யுது. கேக்கறீங்களேன்னு பாக்கறேன்.

வார்டு_சிஸ்டர் | இரவு 9.56

கொட்டைப்பால் புண்ணு கையில, முன்கையில இருக்கும், எரியும், ஒண்ணுக்குப் பத்தா இருக்கும். நான் சொல்றது பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான். துணி மறைக்கற இடத்துல. போய்ப் பாரு.

காடாம்புலியூர்க்காரி | இரவு 10.31

இருக்கு.

இடது இடுப்புல, நாடா முடிச்சிக்குக் கொஞ்சம் கீழ. மிளகு அளவு கறுப்பு, சுத்தி செவந்திருக்கு. தொட்டா வலிக்கலங்கறாங்க. "அது நாடாப்புண்ணுடி, பத்து நாளா இருக்கு, கொட்டைப்பால் கையோட சொறிஞ்சிருப்பேன்"னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியில காட்டினியாம்மான்னு கேட்டா, "ஆம்பள டாக்டர்கிட்ட இடுப்பத் தெறந்து காட்டவா"ன்னு என்னையே திட்டறாங்க. அதே பக்கம் தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு.

போட்டோ எடுத்திருக்கேன், போடட்டுமா?

பொதுமருத்துவர்_பாண்டி | இரவு 10.38

போட்டோ இங்க போடாதீங்க. இப்ப சேர்ந்திருக்கற இடத்துல ட்யூட்டி டாக்டர்கிட்ட நேரா காட்டுங்க. "ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா"ன்னு அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க. புதர்ல இருக்கற ஒரு சின்னப் பூச்சி கடிச்சி வர்ற காய்ச்சல் அது. அதுக்கு முன்னாடி ஒண்ணு: அம்மாவோட வயிறு இல்ல நெஞ்சு ஏறி இறங்கறதை ஒரு முழு நிமிஷம் எண்ணிச் சொல்லுங்க. நாம எண்ணறது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

காடாம்புலியூர்க்காரி | இரவு 10.42

30 சார்.

பொதுமருத்துவர்_பாண்டி | இரவு 10.44

பெரியவங்களுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்கணும். நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க. ஆக்சிஜன், ஐசியு வசதி இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரியே மாத்துங்க. 108ஐக் கூப்பிடுங்க. ரிப்போர்ட் எல்லாம் கையில இருக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூரான் | இரவு 10.50

போங்கம்மா. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்க.

காடாம்புலியூர்க்காரி | டிச. 28, மாலை 4.15

பாண்டியில பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தோம். காஷுவாலிட்டியில இருந்த லேடி டாக்டர் திரையை இழுத்துவிட்டு முதல்ல இடுப்பைத்தான் பாத்தாங்க. ரத்தம் எடுத்துட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அப்பவே டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் ட்ரிப்ஸ்ல ஆரம்பிச்சிட்டாங்க. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. மத்தியானம் ஸ்க்ரப்புக்கான ஐஜிஎம் எலைசா ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சி. காலையில வரைக்கும் அம்மா பேசினது பாதி புரியல, இப்ப "கோழி அடைச்சியாடி"ன்னு கேக்கறாங்க.

நெல்லிக்குப்பம்_பையன் | மாலை 5.02

நல்ல சேதி அக்கா. ஒரு சந்தேகம். நாலு நாள் ஏத்தின அந்தப் பெரிய ஊசிக்கு அசையாத கிருமி, ஒரு சாதா மாத்திரைக்கு எப்படி அடங்குது? இது ரொம்ப அபூர்வமான நோயா?

பொதுமருத்துவர்_பாண்டி | இரவு 8.20

தம்பி, செஃப்ட்ரையாக்சோன், பென்சிலின் வகையறா எல்லாம் கிருமியோட சுவரைக் கட்ட விடாம உடைக்கற மருந்து. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமிக்குப் பேர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அது நம்ம செல்லுக்குள்ளயே போய்க் குடியிருக்கும், அந்தச் சுவரும் அதுக்குப் பேருக்குத்தான். அதனால அந்த ஊசியை எத்தனை கிராம் ஏத்தினாலும் அதுக்கு உறைக்காது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள்ள போய் கிருமி புரதம் செய்யறதையே நிறுத்திடும். நேரத்தோட கொடுத்தா 48 மணி நேரத்துல காய்ச்சல் விடும். மோசமான கேஸ்ல டாக்ஸியும் அசித்ரோவும் நரம்பு வழியா சேர்த்துக் கொடுக்கறது, ஒண்ணை மட்டும் கொடுக்கறதை விட நல்லதுன்னு நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்ல செஞ்ச ஆய்வே 2023ல வெளிவந்துச்சி. அந்த லேடி டாக்டர் செஞ்சதும் அதுதான்.

அபூர்வமான்னு கேட்டீங்க. இல்ல. மழை விட்டு பனி விழற இந்த மாசங்கள்ல கடலூர், விழுப்புரம், பாண்டி மூணு பக்கமும் வார்டுல பாக்கற காய்ச்சல்தான். பேர்தான் ஜனங்களுக்குப் புதுசு. பேப்பர்ல "உண்ணிக் காய்ச்சல்"னு போடறாங்க, அதுவும் சரியில்லை. மாட்டு உண்ணி, நாய் உண்ணின்னு நெனச்சிக்கிட்டு "எங்க வீட்டுல நாயே இல்லையே"ன்னு சொல்றாங்க. கடிக்கறது கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சிக் குஞ்சு. அந்தக் குஞ்சுப் பருவத்துல மட்டும்தான் எலி, அணில், மனுஷன்னு கிடைச்ச உடம்புல ஒட்டும். வளர்ந்துட்டா மண்ணுலயே கிடக்கும். கிருமி தாய்ப்பூச்சிகிட்ட இருந்து முட்டை வழியா குஞ்சுக்குப் போறதால எலியை மட்டும் ஒழிச்சா தீராது. கடிச்சி ஒரு வாரம், பத்து நாள், சிலருக்கு மூணு வாரம் கழிச்சிதான் காய்ச்சலே வரும். அதுக்குள்ள எங்க போனோம்கறது மறந்து போயிருக்கும். ஆளுக்கு ஆள் தொத்தாது, பக்கத்துல படுத்தவங்க பயப்பட வேண்டாம்.

நிலவேம்பு_நம்பி | இரவு 8.41

சரி, நான் சொன்னது தப்புதான். ஆனா பிளேட்லெட் குறைஞ்சதே?

திருப்பாதிரிப்புலியூரான் | இரவு 9.10

பிளேட்லெட் டெங்குவுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து இல்ல நம்பி. ஸ்க்ரப், எலிக்காய்ச்சல், மலேரியா, ரத்தத்துல கிருமி பரவற எந்த நோயிலயும் இறங்கும். டெங்குல காய்ச்சல் விடற நாள்தான் ஆபத்தான நாள், அஞ்சு ஏழு நாளுக்குள்ள விடும். எட்டாம் நாளும் 103 அடிச்சா டெங்குவை விட்டு வேறதைத் தேடணும். டெங்குவுக்கு எடுக்கற என்எஸ்1 டெஸ்ட் முதல் அஞ்சு நாள்ல எடுத்தாத்தான் பேசும். ஸ்க்ரப் ஐஜிஎம் அதுக்கு நேர் எதிர், முதல் நாலஞ்சு நாள் நெகட்டிவாத்தான் காட்டும். அது தெரியாம மூணாம் நாள் எடுத்துட்டு "ஸ்க்ரப்பும் இல்லையாம்"னு ரிப்போர்ட்டை மடிச்சி வெச்சிடறாங்க. எத்தனை பாத்திருக்கேன்.

காடாம்புலியூர்க்காரி | டிச. 29, காலை 7.30

காலையில 99. ஆக்சிஜனைக் குறைச்சிருக்காங்க.

எனக்கு ஒரு ஆத்திரம் இருக்கு, கொட்டித் தீத்துக்கறேன். அந்த முதல் ஆஸ்பத்திரியில 38 ஆயிரம் கட்டினோம். நாலு நாள், காலையும் சாயங்காலமும் டாக்டர் வந்தார். ஒரு தடவைகூட துணியை விலக்கிப் பாக்கல, என்ன வேலை செய்யறீங்கன்னு கேக்கல. ஃபைலைப் பாத்தார், மானிட்டரைப் பாத்தார், போயிட்டார். பேரைப் போடட்டுமா?

பொதுமருத்துவர்_பாண்டி | காலை 8.05

பேர் வேண்டாம். அந்த டாக்டருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். டைஃபாய்டு மெதுவா இறங்கும்னு சொன்னது பொய்யில்ல, சரியான மருந்து போட்டாலும் அஞ்சாறு நாள் ஆகும். நாலாம் நாள் ஸ்க்ரப் டெஸ்ட் எடுத்திருந்தாலும் நெகட்டிவா வந்திருக்க நெறைய வாய்ப்பு. ஆனா பொருக்கு அன்னைக்கே இருந்திருக்கும். அதைப் பாக்காதது தப்புதான். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க, எல்லாருக்கும் பொருக்கு வராது. இல்லன்னா ஸ்க்ரப் இல்லன்னு ஆகிடாது.

வார்டு_சிஸ்டர் | காலை 9.15

டாக்டர் சார் மனசு வெச்சிப் பேசறார். நான் வெளிப்படையா சொல்றேன். புடவை கட்டின பொம்பளைக்குப் பொருக்கு இடுப்புல, மார்புக்கு அடியில, தொடை இடுக்குலதான் ஒளிஞ்சிருக்கும். ஆம்பள டாக்டர் கேக்கக் கூச்சப்படுவார், அந்தம்மா காட்டக் கூச்சப்படுவாங்க. அதுக்குத்தான் வார்டுல நர்ஸுன்னு ஒருத்தி இருக்கா. ஒரு திரை, ஒரு டார்ச் லைட், அஞ்சு நிமிஷம். நான் ட்யூட்டியில இருந்தப்ப காய்ச்சல் கேஸ் யார் வந்தாலும் துணி மாத்தறேன்னு சொல்லி முழுசாப் பாத்துடுவேன். ஒரு கிழவிக்கு மூக்குத்தி ஓரமா இருந்துச்சி, ஒருத்தருக்கு அரைஞாண் கயிறுக்கு அடியில. அதைக் கழட்ட விடவே மாட்டேன்னு ஒரே சண்டை.

பாகூர்_ஏரிக்கரை | மதியம் 1.40

அபூர்வம்னு பேச்சு வந்ததால எங்க மச்சான் கதை. பாகூர்ல நெல்லு வயல், 15 வருஷமா சர்க்கரை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததுல வயலெல்லாம் கடலா நின்னுச்சி. பத்து நாள் முழங்கால் தண்ணியில கிடந்தார். அப்புறம் விட்டு விட்டுக் காய்ச்சல், இருமல், எடை இறங்கிட்டே போச்சி. எக்ஸ்ரேல நிழல். சளியில காசநோய்க் கிருமி இல்ல, இருந்தும் டிபி மாத்திரை ஆரம்பிச்சி ரெண்டு மாசம். கடைசியில ஸ்கேன்ல மண்ணீரல்ல சீழ்க்கட்டி. சீழை உறிஞ்சி கல்ச்சர் வெச்சாங்க. மெலியாய்டோசிஸ்னு வந்துச்சி. நாங்க கேள்வியே படாத பேரு.

திருப்பாதிரிப்புலியூரான் | மதியம் 2.25

இதுல லேப்காரன் மேலயும் பழி உண்டு. இந்தக் கிருமி, பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை, சேத்துல, தேங்கின தண்ணியில வாழறது. கல்ச்சர்ல வளர்ந்தா "சூடோமோனாஸ்"னு எழுதிட்டுப் போயிடறவங்க இன்னும் இருக்காங்க. எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒரு வித்தை சொல்வார்: ஜென்டாமைசினுக்கும் மசியல, கொலிஸ்டினுக்கும் மசியல, ஆனா ஆக்மென்டினுக்கு மசியுதுன்னா தட்டைத் தூக்கிப் போடாதே, மெலியாய்டா இருக்கும்னு உக்காந்து பாரு. 1912ல ரங்கூன்ல இருந்து இதை முதல்ல எழுதினவங்க ரெண்டு பேர், விட்மோர், கிருஷ்ணசாமி. நோய்க்கு விட்மோர் பேரை வெச்சாங்க, நம்ம கிருஷ்ணசாமியை மறந்துட்டாங்க.

பாகூர்_ஏரிக்கரை | மதியம் 2.50

மசியற மருந்தும் லேசுல முடியலங்க. செஃப்டாசிடிம் நரம்பு ஊசி மூணு வாரம், அப்புறம் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை மூணு மாசத்துக்கு மேல. நடுவுல நிறுத்தினா திரும்பும்னு எச்சரிச்சாங்க. முழுசா முடிச்சார். இப்ப வயல்ல இறங்கறப்ப கம்பூட்ஸ் போடறார், ஊரே சிரிக்குது.

நெல்லிக்குப்பம்_பையன் | மாலை 3.30

அப்ப எலிக்காய்ச்சலும் இதே தண்ணியிலதானே?

பொதுமருத்துவர்_பாண்டி | மாலை 6.10

ஆமா. எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல வெடிப்பு, புண்ணு இருந்தா உள்ள போகும். அதுல கெண்டைக்கால் பிடிச்சா அலறுவாங்க, கண்ணு பீளை இல்லாம ரத்தமாச் செவக்கும், சிலருக்கு மஞ்சள் காமாலை. ஆரம்பத்துல டாக்ஸி, முத்தினா பென்சிலின் இல்ல செஃப்ட்ரையாக்சோன் ஊசி.

நெல்லிக்குப்பம்_பையன் | மாலை 6.18

ரெண்டுக்குமே டாக்ஸின்னா, காய்ச்சல் வந்ததும் மெடிக்கல்ல ஒரு அட்டை வாங்கிப் போட்டுக்கலாமே?

பொதுமருத்துவர்_பாண்டி | மாலை 6.35

கூடாது. டெங்குவா இருந்தா அது ஒண்ணும் செய்யாது, நீங்க மருந்து சாப்பிடறோம்னு நிம்மதியா வீட்டுல இருந்துடுவீங்க. கர்ப்பிணிக்கு அசித்ரோதான் கொடுப்போம். நிமோனியாவா, மூளைக்காய்ச்சலான்னு ஆள் பாத்துத்தான் சொல்ல முடியும். மெடிக்கல்ல கேட்டு வாங்கற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையும் வேண்டாம், டெங்குவா இருந்தா ரத்தக் கசிவைக் கூட்டும். மூணு நாளைத் தாண்டின காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க, கொல்லைக்குப் போனேன், வயல்ல நின்னேன்னு அவங்க கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க.

காடாம்புலியூர்க்காரி | டிச. 31, காலை 10.20

இன்னைக்கு 98.4. ஆக்சிஜன் எடுத்துட்டாங்க. நாளன்னைக்கு வீட்டுக்கு விடலாம்னு சொல்றாங்க. பொருக்கு உதிர்ந்து வருது. ஒரு காது மட்டும் அடைச்ச மாதிரி இருக்காம், இந்த நோயில அப்படி வரும், தேறிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

இடுப்புல எப்படிக் கடிச்சதுன்னு நேத்து ராத்திரிதான் விளங்குச்சி. சுள்ளி கட்டறப்ப சும்மாட்டுத் துணியைப் புதர் மேல விரிச்சிப் போடுவாங்களாம். சுமையை இறக்கினதும் அதையே உதறாம இடுப்புல சொருகிக்குவாங்களாம். அந்தத் துணியை நான் எரிச்சிடறேன்னேன். "நல்ல துணிடி, உங்கப்பா வேட்டி"ங்கறாங்க.

வார்டு_சிஸ்டர் | காலை 10.45

எரிக்க வேண்டாம். கொதிக்கற தண்ணியில போட்டு அலசி நல்ல வெயில்ல காயவை. இனிமே துணியைப் புதர் மேலயோ தரையிலயோ போடக் கூடாது, கொல்லையில இருந்து வந்ததும் அடுப்பங்கரைக்குப் போறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுத் தேய்ச்சிக் குளிக்கணும், உடுத்தினதைத் துவைக்கப் போட்டுடணும். முழுக்கைச் சட்டை புடவைக்கு மேல போட்டுக்கச் சொல்லு, முந்திரிக்காரங்க வெயிலுக்குப் போடறதுதானே.

காடாம்புலியூர்க்காரி | காலை 11.02

சரி சிஸ்டர். இன்னொண்ணு. ட்ரிப்ஸ் நிறுத்தி மாத்திரையா மாத்திட்டாங்க. டாக்ஸி போடறப்ப பால் கூடாதுன்னு ஒருத்தங்க சொன்னாங்க. அம்மாவுக்கு டீ இல்லாம ஒரு நாள் விடியாது. ஒம்பது நாளா டீ குடிக்கல, இப்ப அதுக்குத்தான் சண்டை.

வார்டு_சிஸ்டர் | காலை 11.10

பாலும் இரும்புச் சத்து மாத்திரையும் வயித்துப் புண்ணு மருந்தும் டாக்ஸியைப் பிடிச்சி வெச்சிக்கும், உடம்புல சேர விடாது. காலையில எழுந்ததும் டீ குடிக்கட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சி இட்லி சாப்பிட்டு மாத்திரை, ஒரு சொம்பு தண்ணியோட. போட்டதும் படுக்கக் கூடாது, அரை மணி நேரம் உக்காந்திருக்கணும், இல்லாட்டி தொண்டைக்குழியிலயே ஒட்டிப் புண்ணாக்கிடும். ராத்திரி மாத்திரைக்கும் அதே கணக்கு. நடுவுல கேட்டாங்கன்னா வரக்காப்பி குடு.

காடாம்புலியூர்க்காரி | காலை 11.14

வரக்காப்பியா, அதுக்குக் காய்ச்சலே தேவலைங்கறாங்க.